கன்னிமார் குட்டையில் நான் விட்ட பூ

சங்கராபுரத்தில் எனக்கு இரண்டு மாவு மில். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் கை வைத்தது பெருகும் என்று ஊரில் சொல்வார்கள், பொய்யில்லை. கல்வராயன் மலையிலும் அது பலித்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் மலைத் திருவிழாவுக்குப் போனபோது, மில் தொட்டியில் வளர்ந்த ஆகாயத்தாமரைச் செடி ஒன்றை ஊதாப் பூவோடு கன்னிமார் குட்டையில் காணிக்கையாக விட்டேன். அங்கே யாரும் பார்த்திராத பூ. இப்போது, மலையிலிருந்து என் மில்லுக்குச் சாமை அரைக்க வரும் பொன்னன் ஆள் அனுப்பிவிட்டார். குட்டை மூடி, மதகு அடைத்து, நாற்று காய்கிறதாம். கன்னிமாருக்கு விட்டதை விட்டவன்தான் முதலில் எடுக்கவேண்டும், அதுவரை வேறு கை படக்கூடாது என்பது அந்த மலை ஊர் வழக்கம்.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். கச்சிராயபாளையம் வரை பஸ். அங்கிருந்து மரவள்ளி ஏற்றப் போகும் லாரி, ஆளுக்கு மூன்று ரூபாய். இடஒதுக்கீட்டுப் போராட்ட நேரம்.

"மரத்த வெட்டி ரோட்டுல போடப் போறாங்களாம். ஏறிட்டா எப்ப எறங்குவீங்களோ!" என்றார் டிரைவர்.

"என்னைப் பாத்தா வழி வுடுவாங்க, நீ ஓட்டு" என்றேன். ஏறிவிட்டோம், இறங்கத்தான் விடவில்லை. ஒன்பதாம் நாள்தான் பாதை திறந்தது.

மதியம் போய்ச் சேர்ந்தோம். பாறைகளுக்கு நடுவே ஒரே பச்சை, மேலே கொக்கு நடந்துகொண்டிருந்தது.

"குட்டை எங்க?"

"நீங்க பாத்துக்கினு இருக்கறதுதாங்க" என்றார் பொன்னன்.

அவர் மனைவி குப்பாயி விடவில்லை. "ஒத்தப் பூ குடுத்தீங்களே மொதலாளி, இப்ப ஏழு கன்னிமாருக்கும் ஆளுக்கு ஆயிரம். போதுமா, இன்னும் வேணுமா?"

வெள்ளிக்கிழமைதான் எடுக்கலாம் என்றார்கள். காத்திருந்த நாளில் ஒரு செடியைக் கன்னிமாரிடம் கேட்டுக்கொண்டு வாளியில் போட்டேன். நான்காம் நாள் தாயின் இடுப்பிலிருந்து கொடி நீண்டு, நுனியில் குட்டிச் செடி. தண்ணீர் இறங்கிய பாறை ஓரத்திலோ, செடிகள் ஈரப் பிளவுக்குள் வேரை விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றன.

வெள்ளி விடிந்ததும் ஈர வேட்டியோடு இறங்கி ஒன்றை இழுத்தேன். தாய், மகள், பேத்தி என்று ஒரு பாய் அளவுக்கு வந்தது.

"இதுல நான் வுட்டது எது?"

"எல்லாமே நீங்க வுட்டதுதாங்க. இழுங்க!" என்றார் பொன்னன். ஊரே சிரித்துக்கொண்டு இறங்கியது.

இரண்டு நாள் வாரிப் பாறையில் குவித்தோம். வெயிலில் செத்ததென்று நினைத்தோம். ஞாயிறு மழை பெய்தது. குவியல் பச்சையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது! மேட்டுக்குச் சுமந்து, காய்ந்த விறகோடு கொளுத்தினோம். திங்கள் மதகு திறந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. பொன்னன் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டார்.

செவ்வாய்க்கிழமை, பாதை திறந்துவிட்டது என்று லாரி வந்து ஹாரன் அடித்தது. நாற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரப்பில் நின்றேன். நாற்றுக்கு நடுவே மூன்று உருண்டை இலைகள். மதகு வழியாக வந்தவை. ஒன்றுக்கு அதற்குள் நகக்கண் அளவில் ஒரு குட்டி.

"நாங்க பாத்துக்குறோம், லாரி பூடும், கெளம்புங்க" என்றார் பொன்னன்.

என் மில் நான் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். இது என்னைக் கேட்காது. லாரியைப் போகச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினேன்.