பாறைக்கு வைத்த பொட்டு

நாகலாபுரத்து மலையில், ஓடை வளைகிற இடத்தில், வெயில் அதிகம் படாத பாறை ஒன்று உண்டு. அதன் சரிவில், ஈரல் துண்டைத் தட்டையாக ஒட்டிவைத்தது போல ஒரு பாசி. இந்த மலையில் வேறெங்கும் அதைக் கண்டதில்லை என்றார் திருப்பதிக் கல்லூரியிலிருந்து வந்த தேவயானி மேடம். அதைப் பார்த்துக்கொள்ள அடிவாரத்துப் பொன்னியம்மாவைக் கூலிக்கு அமர்த்தினார். பாசியைக் காவல் காக்கச் சம்பளமா என்று ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. பொன்னியம்மாவும் முதல் நாள் சிரித்தவள்தான்.

பிறகு அவளுக்கு அது பிடித்துப்போனது. கோடையில் சுருண்டு, செத்ததுபோல் கிடக்கும்; முதல் தூறலில் பச்சையாக விரியும். புருஷன் போன பிறகு அவள் பார்த்து மகிழ்ந்தவை குறைவு. அவற்றில் இது ஒன்று.

ஓடையில் குளிக்க வருகிற பையன்கள் அந்தச் சரிவில் கால் வைத்துத்தான் மேலே ஏறுவார்கள். மிதிக்காதீர்கள் என்று மேடம் மாட்டிய பலகையில் ஈரத் துணியைக் காயப்போட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பொன்னியம்மா, ஒரு விடியலில் பாசிக்குச் சற்று மேலே, வெறும் பாறையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மஞ்சள் குங்குமம் கண்ட கல்லை நம் பக்கத்தில் எவனும் மிதிக்கமாட்டான். தாலி இழந்தவள் குங்குமத்தைத் தொடக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் யாரும் இல்லாத நேரமாகப் போனாள்.

மிதிப்பது அன்றோடு நின்றது. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே வேலி போடப்போய் சாமி முளைத்துவிட்டது. கன்னிமாரில் ஒருத்தி தானாகப் பாறையில் இறங்கியிருக்கிறாள் என்றார் ஊர்ப் பெரியவர் ரங்கையா. ஆடி பிறந்ததும் கூட்டம். பால் ஊற்றினார்கள், பாறையடியிலேயே கற்பூரம் கொளுத்தினார்கள். பாசி ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தது. தள்ளி ஏற்றுங்கள் என்று அவள் கெஞ்சினாள். சாமிக்குச் சட்டம் சொல்ல நீ யார் என்றார்கள். மழை வந்தும் அந்தக் கரி பச்சையாகவில்லை. அன்றைக்குப் பாறையடியில் உட்கார்ந்து அழுதாள். மிஞ்சியது ஓர் உள்ளங்கை அகலம்.

அடுத்த வெள்ளியன்று ரங்கையா கற்பூரத் தட்டோடு குனிந்தபோது பொன்னியம்மா குறுக்கே போய் நின்றாள்.

"மாமா, இது தானா வந்த அம்மாரு இல்ல. நான்தான் மஞ்சா பூசி பொட்டு வெச்சேன்."

"நீயா? இன்னாம்மே சொல்றே?"

"நானேதான். தாலி அறுத்தவ கையாலதான் வெச்சேன். அதைத்தான் இத்தினி நாளா கும்பிட்டுக்கினு இருக்கீங்க."

பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ரங்கையா கற்பூரத்தை அணைத்து, தட்டை ஓடையில் கழுவிக்கொண்டு நடந்தார். இனி ஊரில் எவர் வீட்டு வாசலிலும் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைப்பது கஷ்டம். அது தெரிந்துதான் பேசினாள்.

எல்லோரும் போனபின் ஈரத் துணியால் பாறையின் பொட்டைத் துடைத்தாள். மஞ்சள் நீர் பாசிமேல் வழியாதபடி மறு கையால் தடுத்துக்கொண்டாள். அவள் பொட்டை ஊரார் அழித்த நாளில் இத்தனை பதமாக யாரும் துடைக்கவில்லை.

விரல் நுனியில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. கழுவ ஓடை பக்கத்திலேயே இருந்தது. அவள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள்.