அண்ணாச்சியின் முழுக் கையெழுத்து

சவரிமுத்து அண்ணாச்சி மறைந்த செய்தியை அவருடைய மகன்தான் எனக்குப் போனில் சொன்னார். ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். "அப்பா போயிட்டாக, எஸ்தர் அக்கா" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "அந்த ராஜினாமா கடிதாசி உங்ககிட்டதான இருக்கு? அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அழுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் பஸ்ஸைவிட்டு இறங்கி நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்த்து, தொழிற்சங்கத்துக்கு வந்து, வார்டு கவுன்சிலராகி, இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். இருபத்திரண்டு வருடம் அவருடைய கடிதங்களை நான்தான் டைப் அடித்தேன். கோபம் வந்தால் பேசமாட்டார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்த கண்ணாடி அது.

கவுன்சிலராக இருந்தபோது அவருக்கு யாரிடமும் பயம் கிடையாது. எங்கள் தெருவுக்கு இருபது நாளாகத் தண்ணீர் வராதபோது, குடங்களோடு பெண்களைக் கூட்டிப்போய் நகராட்சிப் பொறியாளரின் அறைக்குள்ளேயே உட்கார வைத்தார். "வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க சார். நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லாதீக" என்றார். அன்று சாயங்காலமே குழாயில் தண்ணீர் வந்தது. அந்த மனிதரை நம்பித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எம்.எல்.ஏ. ஆன முதல் வாரத்தில் அவரைப் பார்க்க மாவட்டம் வந்தார். கட்சியின் மாவட்டச் செயலாளரை எங்கள் பக்கம் 'மாவட்டம்' என்றே சொல்வோம், ஜில்லாவே அவர்தான் என்பதுபோல. மனுவோடு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, எல்லாருக்கும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஆனால் தான் சொல்லி அனுப்பும் ஆட்களுக்கு மட்டும் 'மு. சவரிமுத்து' என்று முழுக் கையெழுத்து. மற்றவர்களுக்கு 'மு.ச.' போதும். முழுக் கையெழுத்து இருந்தால் மட்டும் வேலையை முடித்துக் கொடுக்கும்படி அலுவலகங்களில் தான் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். அண்ணாச்சி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு "ஆகட்டும்" என்றார்.

மு.ச. கடிதங்களை வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். கான்சாபுரத்து விவசாயி ஒருவர் பம்புசெட் இணைப்புக்காக நான்கு தடவை வந்தார். நான்காம் தடவை, கடிதத்தை என்னிடம் நீட்டி, கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அது என் வீட்டுக்கும் வந்தது. என் கணவர் நகராட்சியில் தற்காலிக மோட்டார் ஆபரேட்டர். நிரந்தர வேலைக்கான கடிதத்தை நானே டைப் அடித்து வைத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மு.ச. என்று போட்டார். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் மறுநாளைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டார். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியே பேச்சை எடுத்தார்.

"எம்மேல கோவமா, எஸ்தரம்மா?"

"ஆமா. இந்தக் கட்சிய விட்டுட்டு வெளிய வந்துருங்க அண்ணாச்சி."

"எப்படி வர? மவன் எடுத்த காண்ட்ராக்ட் அம்புட்டும் இவுக கையில கெடக்கு. நான் காலை எடுத்தா அவன் விழுவான்."

அதற்குப் பிறகும் நான் வேலைக்குப் போனேன். அவரும் கையெழுத்துப் போட்டார். ஒரே அறையில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருந்தோம். அவரை வெறுக்கவும் முடியவில்லை, மதிக்கவும் முடியவில்லை.

பதவி போன பிறகும் கட்சி அவரை விடவில்லை. போன மாதம் படுக்கையில் விழுந்தவர் என்னை வரச்சொல்லி, கட்சியிலிருந்து விலகுவதாக ஒற்றை வரி அடித்துத் தரச் சொன்னார். நின்று நின்று, தன் பெயரை முழுதாக எழுதினார். "நான் இருக்கும்போதே கட்சி ஆபீஸ்ல சேத்துருங்கம்மா. கொடி போத்தி என்னைய அனுப்பக் கூடாது" என்றார்.

வாசலில் மகன் வழிமறித்தார். வரும் தேர்தலில் தனக்கு ஒரு வார்டு தருவதாகக் கட்சியில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆகட்டும்" என்றேன்.

ஐந்தாம் நாள் அண்ணாச்சி போய்விட்டார். மாவட்டம் தன் கையாலேயே கொடியைப் போர்த்தினார். கடிதம் என் பையில் இருந்தது. கூட்டத்தில் நின்று அழுதேன். துக்கத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள கட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"செத்தவுக எப்படிம்மா வெலக முடியும்?"

"உசுரோட இருக்கும்போது எழுதுனது. நகல்ல சீல் போட்டுக் குடுங்க."

அவர் யார் யாருக்கோ போன் செய்தார். நாளைக்கு வரச் சொன்னார். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிடப் போய்விட்டு வந்து, நான் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே சீலைக் குத்திக் கொடுத்தார்.

அண்ணாச்சி, கொடியோடு உங்களை அனுப்பியது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.