கோல் போடாதவரின் பக்கம்

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மலர்க்குழுத் தலைவர் தொலைபேசியில் முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா உவர் மொத்தமா எத்தினை கோல் போட்டவர்?"

கட்டுரையின் முதல் பந்தியிலேயே, அவர் இங்கிலாந்து அணியின் பின்கள வீரர் என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பந்தியிலும் எழுதியிருந்தேன், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்பதால்.

"அண்ணை, அவர் டிஃபெண்டர். கோல் போடுறது அவரின்ரை வேலை இல்லை."

"அது விளங்குது. எண்டாலும் நாட்டுக்கு விளையாடின மனுசன். ஒண்டு ரெண்டு போட்டிருப்பாரே?"

"இங்கிலாந்துக்கு ஒண்டும் போடேல்லை. மற்றப் பக்கத்துக்கு ஒண்டு போட்டவர்."

"என்னது?"

"செல்ஃப் கோல். பந்தை வெளியில தள்ளத் தலையைக் குடுத்தவர். அது தங்கடை வலைக்குள்ளையே போயிட்டுது."

"உந்த வரியை எடுத்திடுவம், என்ன?" என்றார்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் ஒவ்வொரு கோடையிலும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் உதைபந்தாட்டப் போட்டி நடத்துகிறது. அன்றைக்கு ஒரு மலரும் வெளியிடுகிறது. கழகத்தின் பதிவுகளை வைத்திருப்பவன் நான். எந்த நாள், எந்த மைதானம், யார் ஆடினார்கள், யார் வென்றார்கள் என்பதெல்லாம் என்னிடம் இருக்கும். 'அந்த நாளையில' என்று யாராவது கதை தொடங்கினால் எந்த ஆண்டு என்று கேட்பேன். அதனால் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறவர்களும் உண்டு.

மலரில் 'எங்கள் வீரர்' என்று ஒரு பக்கம். ஊரில் ஆடிய பழைய வீரர் ஒருவரைப் பற்றி எழுதி, போட்டி நாளில் அதை மேடையில் வாசித்து அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நான் அறிய அந்தப் பக்கம் முன்கள வீரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை ஒரு கோல்காப்பாளருக்குக் கிடைத்தது. அவர் ஒருமுறை பெனால்டி அடித்து கோல் போட்டவர்.

என் மனைவியின் சகோதரன், என் வயதுக்காரன், ஊரில் எங்கள் கழகத்தின் இடதுபக்கப் பின்கள வீரன். இங்கே வந்தும் மூத்தோர் அணியில் அதே இடத்தில் ஆடினான். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். போன இலையுதிர்காலத்தில் அவனுடைய முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இனி ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, டோர்செட் பார்க்கில் அவனுடைய அபார்ட்மென்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ரை பக்கம் எப்ப மச்சான் வரும்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவன்.

இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டங்கள் எங்களுக்கு விடிகிற நேரத்தில் வரும். மச்சான் இரவு வேலை முடிந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் விழுவான். நான் கட்டுரையில் எழுதிய அந்த ஒரு பின்கள வீரருக்காகவே நாங்கள் பார்த்தோம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றக் கழகங்களின் இரசிகர்கள் பெயரோடு சண்டைக்கு வருவார்களே தவிர மிச்சத்தைப் படிக்க மாட்டார்கள். கமரா எப்போதும் பந்தின் பின்னால் ஓடும். அவர் திரையின் ஓரத்தில் அரைவாசி உடம்போடு தெரிவார், பிறகு மறைந்துவிடுவார். "கொஞ்சம் அங்கால காட்டன்ரா!" என்று மச்சான் ரீவியோடு சண்டை பிடிப்பான். பந்து வருவதற்கு முன் அவர் எங்கே போய் நிற்கிறார் என்பதுதான் அவனுக்கு வேண்டும். அதைக் காட்ட ஒருவரும் தயாரில்லை.

அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அப்படித்தான், திரையின் ஓரத்தில் நடந்தது. உயரம் போதாது என்று இளவயதில் ஒரு பெரிய கழகம் கைவிட்டது. கீழ்ப்பிரிவுகளில் சேற்று மைதானங்களில் ஆண்டுக்கணக்காக ஆடினார். கூட ஆடத் தொடங்கியவர்கள் ஓய்வைப் பற்றிப் பேசிய வயதில்தான் இங்கிலாந்து அவரை அழைத்தது. நன்றாக ஆடிய நாட்களில் பத்திரிகைகளில் ஒரு வரிகூட வராது. மழை பெய்த ஓர் இரவில் அந்தப் பந்து தன் வலைக்குள் போனதும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தார். அணியிலிருந்து எடுத்தார்கள். இன்னொருவர் காயப்பட்டபோது திரும்பக் கூப்பிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் மாற்று வீரராகக் கொஞ்ச நேரம் நின்றார். அதுதான் கடைசி என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆட்டக்காரர்களின் சுயசரிதைகள் பல படித்திருக்கிறேன். முன்கள வீரர்களுக்கு எழுதுவது சுகம், ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்குத் தாவினால் புத்தகம் முடிந்துவிடும். பின்கள வீரரின் நல்ல வேலை எல்லாம் நடக்காமல் போனவை. நடக்காததற்கு எந்தத் தேதியைப் போடுவது? கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவருக்கு எதிரே ஆடியவருக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதினேன். எந்தப் புகழ்பெற்ற முன்கள வீரர் பந்தே கிடைக்காமல் நடுமைதானத்துக்குப் போய் நின்றார், யாரை இரண்டாம் பாதியில் வெளியே எடுத்தார்கள், யார் வெளியே போகும்போது தண்ணீர்ப் போத்தலை உதைத்தார். அந்தப் போத்தல்தான் இவருடைய கோல். கட்டுரை முழுவதும் அப்படித்தான் எழுதினேன்.

என் திட்டம் எளியது. குழுவில் எல்லோரும் இங்கிலாந்துக் கழகங்களின் இரசிகர்கள். இந்த மனிதரை வைத்துப் பின்களம் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கிவிட்டால், அடுத்த பக்கத்தில் மச்சானை வைக்கலாம்.

யூனியன்வில்லில் தலைவர் வீட்டு பேஸ்மென்டில் கூட்டம். கட்டுரையை எல்லோருக்கும் முன்னமே அனுப்பியிருந்தேன். படித்தவர் ஒருவரும் இல்லை. தின்ன வைத்த ரோல்ஸ் முடியும்வரை பூங்காவில் கூடாரம் போடுவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நான் மச்சானின் பெயரைச் சொன்னேன்.

"நல்ல பெடியன்தான்," என்றார் பொருளாளர். "ஆனா என்னத்தை எழுதுறது?"

"பதினாறு வயசில இருந்து பின்னுக்கு நிண்டவன். அதை எழுதுவம்."

"நிண்டது ஒரு சாதனையே? கொடிக்கம்பமும் நிண்டதுதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். கட்டுரையில் வரும் போத்தல் உதையைப் பற்றி முதலிலிருந்து விளக்கினேன். தலைவர் கை காட்டி நிறுத்தினார். "சரி தம்பி, விடும். ஆளுக்கு முழங்காலும் போயிட்டுது. பாவம், குடுப்பம்."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கம் கிடைத்துவிட்டது. இரண்டு கட்டுரைகளையும் திருத்தமாக எழுதி அனுப்பினேன்.

போட்டி நாள் காலை மலர் பெட்டி பெட்டியாகப் பூங்காவுக்கு வந்து இறங்கியது. என் கட்டுரைக்கு மேலே ஒரு புதுத் தலைப்பு: 'கோல் மழை பொழிந்த இங்கிலாந்து வீரர்'. அந்த மழை இரவைப் பற்றிய பந்தியில் 'தன் வலைக்குள்ளேயே' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'தலையால் முட்டி அற்புதமான கோல் ஒன்றைப் போட்டார்' என்று மாற்றியிருந்தார்கள். போத்தல் ஒன்றுகூட இல்லை. அடுத்த பக்கத்தில் மச்சான், 'எதிரணிகளைத் திணறடித்துக் கோல்களைக் குவித்த எங்கள் வீரர்'.

தலைவரைக் கூடாரத்துக்குப் பின்னால் பிடித்தேன். "அண்ணை, இது என்ன?"

"என்ன தம்பி? பொன்னாடை போத்துற இடத்தில 'ஒண்டும் போடேல்லை' எண்டு வாசிக்கேலுமே? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

அவர் முகத்தில் குற்ற உணர்வே இல்லை. உண்மையாகவே ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட முகம்.

மச்சான் முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு மடக்குக் கதிரையில் இருந்தான். தன் பக்கத்தை மெதுவாக வாசித்து முடித்தான்.

"ஆரப்பா இவன்?" என்றான். "நல்லா விளையாடியிருக்கிறான்."

மலரை மூடிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டான்.

பிற்பகல் மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்பாளர் இழுத்து இழுத்து வாசித்தார். 'கோல்களைக் குவித்த' என்ற இடத்துக்கு வந்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள். கையில் பாதி கடித்த ரோல்ஸோடு, வயிறு முன்னே தள்ளிய ஒரு பெரிய மனிதர் மேடையை நோக்கி வந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர்க் கழகத்தின் பழைய முன்கள வீரர், அந்தக் காலத்தில் எங்கள் பகுதியே பயந்த ஆள். தலைவர் இறங்கித் தடுக்கப் போனார். வந்தவர் அறிவிப்பாளரின் மைக்கையே வாங்கிவிட்டார்.

"மன்னிக்கோணும். நான் குழப்ப வரேல்லை. ஆனா உந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு இருக்கேலாது. உவன் எங்கை கோல் போட்டவன்? உவன் ஒரு கோலும் போடேல்லை. என்னையும் போட விடேல்லை! ஒவ்வொரு வருசமும் நான் இவன்ரை மூஞ்சையைத்தான் பாத்தனான். கோல் போஸ்ட் எந்தப் பக்கம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. ஒருக்கா சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வீட்டை போனனான். எங்கடை கோச்சைக் கேட்டுப் பாருங்கோ!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தலைவர் தலையில் கை வைத்தார். மச்சான் பொன்னாடையோடு நேராக நிமிர்ந்து நின்றான். காலையிலிருந்து நான் பார்க்காத நிமிர்வு.

"ஒரே ஒருக்காப் போட்டனான்," என்று அந்த மனிதர் மைக்கில் தொடர்ந்தார். "கோயில் வெளியில நடந்த ஃபைனல். ரெஃப்ரி தரேல்லை."

"ஓஃப்சைட்!" என்றான் மச்சான்.

"என்னடா ஓஃப்சைட்? நீ பின்னுக்கு நிண்டனி!"

"நீ விழுந்து கிடந்தனி. நான் முன்னுக்கு வந்திட்டன், நீ தனிய எனக்குப் பின்னால."

அடுத்த ஆட்டத்துக்கு விசில் ஊதியும் அவர்கள் இறங்கவில்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பறிக்க வேண்டியிருந்தது. பிறகு இருவரும் என்னிடம் வந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, சண்டையை நிறுத்தாமல்.

"நீதானே எல்லாத்தையும் வைச்சிருக்கிறனி மச்சான்," என்றான் என் மச்சான். "சொல்லு. கோலா, ஓஃப்சைட்டா?"

இத்தனை ஆண்டுகளாக நாள் தவறாமல் சேர்த்தவன் நான். அந்த இறுதியாட்டத்துக்கு என்னிடம் இருப்பது ஒரே வரி: 'கோலின்றி முடிந்தது.' யார் தடுத்தார், யார் விழுந்து கிடந்தார் என்று ஊரில் ஒரு மனிதர்கூட எழுதி வைக்கவில்லை. "கோலின்றி முடிந்தது எண்டுதான் இருக்கு, மிச்சத்தை ஒருத்தரும் எழுதேல்லை," என்று எரிச்சலோடு சொன்னேன்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.