பவள மாநாட்டுக்கு இரவல் டம்ளர்

எங்கள் மண்டபத்துக் காவலாளிக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கை நடுக்கம் வந்துவிட்டது. டீ டம்ளரை வாங்கினால் பாதி சட்டைக்கும் பாதி தரைக்கும் போகும். லைட் போடுகிறவர்கள் கூடி நின்று சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர், "எனக்கு டீ வேண்டாம், வயிறு சரியில்ல" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒருநாள் காலையில் கேன்டீன் அக்கா எல்லாருக்கும் அரை டம்ளர்தான் ஊற்றினாள். குடித்து முடித்ததும் இன்னொரு அரை டம்ளர். மறுநாளும் அப்படியே. கேட்டவர்களிடம், "ஆறாம குடிக்கலாம்ல?" என்றாள். காவலாளிக்கும் அரை, மேனேஜருக்கும் அரை. இதில் யார் கை நடுங்குகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று பேசினார்கள். அரை டம்ளர் அக்கா என்று பெயரும் வைத்தார்கள். அவள் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. தரை துடைப்பவள் நான். துடைப்பதற்கு டீ இல்லாமல் போனதால் எனக்கு மட்டும் புரிந்தது. ஆண்டவனுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா குள்ளம். குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். கணவர் போன பிறகு மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தது எல்லாம் அந்த ஒற்றை அடுப்பில்தான். படிக்கட்டுக்குக் கீழே இருந்த இருட்டு அறைதான் கேன்டீன். அதற்குள் நின்று கையை நீட்டினால் அடுப்பு, பால், சர்க்கரை எல்லாம் அதுவாக வந்து கையில் உட்காரும்.

மேனேஜருக்கு அந்த அறை மேல் ஒரு கண். வெளியிலிருந்து ஒரு கேட்டரிங்காரரைக் கொண்டுவந்து வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் கடலில் இருக்கும் பவளப்பாறையைப் பற்றிப் பேச விஞ்ஞானிகள் எங்கள் மண்டபத்தில் மாநாடு போட்டார்கள். நடத்துகிற பொறுப்பு ஒரு அம்மாவுடையது. நாங்கள் அவருக்குப் பவளம்மா என்று பெயர் வைத்தோம்.

பவளம்மா வந்த நாளே சட்டம் போட்டார். கடலைக் காப்பாற்றப் பேசுகிற இடத்தில் கடலைக் கெடுக்கிற எதுவும் இருக்கக்கூடாது. பிளக்ஸ் பேனர் கூடாது. தண்ணீர் பாட்டில் கூடாது. சாப்பாட்டில் மீன் கூடாது. ஏசி பேருக்கு ஓடினால் போதும். தூரத்து ஆட்கள் விமானம் ஏறவேண்டாம், திரையில் பேசட்டும். கடைசியில் டீக்கு வந்தார்.

"பேப்பர் கப் கூடாதுக்கா. உள்ள பிளாஸ்டிக் பூசியிருக்கான்."

"அப்போ புதுசா டம்ளர் வாங்கிடலாமா?"

"மூணு நாளைக்காகப் புதுசு எதுக்கு? அதுவும் வீண்தானே."

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "முடியாட்டி சொல்லிடும்மா. கேட்டரிங்காரர் தயாரா இருக்கார். ஆனா ஒண்ணு. இந்த மாநாட்டுக்கு அவர் உள்ள வந்தா, அப்புறமும் அவர்தான்."

"முடியும்" என்றாள் அக்கா. எப்படி என்று அவளுக்கே தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நானும் அவளும் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறினோம். "உங்க டம்ளர்ல விஞ்ஞானி டீ குடிக்கப் போறாருடி" என்றாள் அக்கா. அவ்வளவுதான், போட்டி வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி பீங்கான் கோப்பை கொடுத்தாள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி பூப்போட்ட கண்ணாடிக் கோப்பையை எடுத்தாள். முடிதிருத்துகிறவர் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த இரண்டு காது வைத்த கோப்பையைத் தந்தார். தையல்காரி கொடுத்ததில் அவளும் புருஷனும் மாலையோடு நிற்கும் படம் இருந்தது. புருஷன் பிரிந்து போய் வருஷக்கணக்காகிறது. "கொண்டு போக்கா. திரும்பி வராட்டியும் நான் அழமாட்டேன்" என்றாள். ஒரு வீட்டில் அம்மா கைக்கு வந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்தாள். அதில் அவள் குழந்தையின் மஞ்சள் வாத்துக் கோப்பையும் வந்துவிட்டது.

"பத்திரமா வருமா?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"ஒண்ணு குறைஞ்சாலும் மண்டபத்து வாசல்ல வந்து என் கொண்டையைப் பிடிங்க" என்றாள். அருகில் நின்ற எனக்குத்தான் என் கொண்டை கனத்தது.

மாநாட்டுக்கு முதல் நாள் பவளம்மா தன் போனில் பவளப் படங்களைக் காட்டினார். "இது கல்லு இல்லக்கா, உயிரு. கடல் கொஞ்சம் சூடானாலே வெளுத்துப் போயிடும். இதைப் போய் உடைச்சு நகை பண்றாங்க."

அக்கா சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாமியார் போட்ட பவள மோதிரம் அவள் விரலில் இருந்தது. உள்ளே வந்து சோப்பு போட்டு இழுத்தோம், எண்ணெய் போட்டு இழுத்தோம். விரல்தான் வீங்கியது.

"சுத்திக் கட்டுடி துணியை" என்றாள்.

மறுநாள் விஞ்ஞானிகள் வந்து இறங்கினார்கள். கழுவுகிற தண்ணீரை மிச்சம் பிடிக்க, ஆளுக்கு ஒரு கோப்பை, மூன்று நாளும் அதேதான் என்று ஏற்பாடு. வாசல் மேசையில் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டை, பழைய துணியில் தைத்த பை, அதோடு கோப்பையையும் அக்கா சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்தாள். விபரீதம் அங்கேயே நடந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"விரல்ல என்னம்மா?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "வெந்நீர் பட்டுடுச்சு" என்றாள். மத்தியானத்துக்குள் பலர் களிம்பு கொடுத்துவிட்டார்கள். பொய் சொன்ன பாவத்துக்கு அத்தனையும் தடவினாள்.

மாநாடு நன்றாகவே போனது. நெட் அறுந்து, திரையில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். "பாவம், ஒரு வாய் டீ ஊத்தலாம்னா எட்டலையே" என்றாள் அக்கா. அரை டம்ளரைப் பார்த்த பவளம்மா, "எவ்வளவு யோசிச்சிருக்கீங்க! ஒரு சொட்டு வீணாகல" என்று எல்லாருக்கும் முன்னால் புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் அடுப்பைத் தணித்தாள்.

கடைசி நாள் சாப்பாடு முடிந்தது. எல்லாரையும் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகும் பஸ் வாசலில் நின்றது. நான் கோப்பைகளைக் கழுவ மேசைக்குப் போனேன். மேசை வழித்துத் துடைத்தது போல இருந்தது. ஓரத்தில் காது உடைந்த கோப்பை ஒன்றுதான் கிடந்தது.

"அக்கா, கோப்பை எல்லாம் எங்கே?"

பதில் மேனேஜரிடமிருந்து வந்தது. "பையோட சேர்த்துக் கொடுத்தீங்க, ஞாபகப் பரிசுன்னு எடுத்துட்டாங்க. எந்த மாநாட்டுலயும் அப்படித்தானே? இனி யானை வாயில போன கரும்புதான். சாயங்காலம் உங்க தெரு இங்க வந்து கத்தினா, நாளைக்கு அறைச் சாவி என் கையில இருக்கணும்." கேட்டரிங்காரர் அவர் பக்கத்திலேயே நின்று மண்டபத்துச் சுவரை அளப்பது போலப் பார்த்தார்.

அக்கா ஓடினாள். அவள் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் தெரிந்த பிரார்த்தனை எல்லாம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். பஸ் நகரும்போது முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். பிறகு உள்ளே ஏறினாள்.

"ஐயாமாரே, அம்மாமாரே, மன்னிக்கணும். உங்க பைக்குள்ள எங்க தெரு இருக்கு. இறக்கி விட்டுட்டுப் போங்க."

அவள் விஷயத்தைச் சொன்னதும், படித்த முகங்கள் எல்லாம் சிவந்தன. பைகள் திறந்தன. ஒவ்வொன்றாக வாங்கி என் முந்தானையில் போட்டாள்.

கல்யாணப் படக் கோப்பையை வைத்திருந்தவர் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். "மூணு நாளா இவங்க முகத்துலதான் முழிச்சேன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கய்யா. தனித்தனியா."

பின் இருக்கையில் நரைத்த தாடிப் பேராசிரியர் ஒருவர் பையைக் காலுக்கு அடியில் தள்ளினார். அக்கா கண்ணுக்கு அது தப்பவில்லை.

"வாத்து உங்ககிட்டத்தான் இருக்கு."

"அது எனக்குப் பழகிடுச்சும்மா."

"அது இல்லாம ஒரு குழந்தை மூணு நாளா பால் குடிக்கல. அழுது அழுது தெரு தூங்கல."

"நானும் அழட்டுமா?"

"அழுங்க. வாத்தைக் கொடுத்துட்டு அழுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவர் வாத்தை நீட்டினார். அக்கா வாங்கும்போது, களிம்பில் ஊறியிருந்த துணி வழுக்கி விழுந்தது. மோதிரம் பளிச்சென்று வெளியே வந்தது. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"மாமியார் போட்டதுங்கய்யா. கழற்ற வரல. அடிக்க மட்டும் செய்யாதீங்க" என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டி, விரலைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

"கவலைப்படாதீங்கம்மா. இது பவளமே இல்ல. பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கா?" அக்கா அலறினாள். "அது அதைவிடக் கூடாதே!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. எங்கள் பின்னாலேயே வந்திருந்த பவளம்மா பஸ் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்வளவு காலமும் மாமியாரைத் தங்கமாக நினைத்திருந்த அக்கா, இறங்கும்போது, "கிழவி என்னை ஏமாத்திட்டா பாருடி" என்று முணுமுணுத்தாள்.

எல்லாக் கோப்பைகளும் வந்துவிட்டன. பவளம்மா நேரே மேனேஜரிடம் போனார். "அடுத்த மாநாடும் இங்கதான் வைக்கப் போறோம். ஆனா இந்த அக்கா டீ போட்டாத்தான்" என்றார். கேட்டரிங்காரர் அரை டம்ளர் டீ குடித்துவிட்டு, இரண்டாவது அரைக்கு நிற்காமல் போய்விட்டார்.

அதன் பிறகும் அக்கா அந்த அறையில் பல வருஷம் நின்றாள். முழங்கால் கேட்காமல் போனபோது, மகள் வந்து தன் ஊருக்கு அழைத்துப்போனாள். கேன்டீனை அக்கா என்னிடம் கொடுத்தாள். "இதுக்காகத்தானே பஸ்ஸை மறிச்சோம், சும்மா விடுவாங்களா" என்றாள் மேனேஜரிடம். அவர் சாவியை என் கையில் வைத்தார்.

கிளம்புகிற அன்று நான் அழுதுகொண்டே நின்றேன். எனக்கு அவள் கைப்பக்குவம் வராது, வருகிறவர்கள் அவளைத்தான் கேட்பார்கள் என்றேன். ஆட்டோவில் காலைத் தூக்கி வைக்க மகள் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அக்கா போட்ட மாதிரி இல்லன்னு எவனாவது சொன்னா, 'ஆமா, அவ போட்டது கழனித்தண்ணி'ன்னு சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."