தங்கச்சி ஊதிய கலியாண மெட்டு

'பேக்பைப்' எனும் பைக்குழலில் முதலில் வருவது இசையல்ல, உறுமல்தான்: கக்கத்தில் இடுக்கிய பையில் காற்று நிறைந்து, தோளில் சாய்ந்த மூன்று குழல்களும் ஒரே சுருதியில் இரையத் தொடங்கியதும் டேனிஷ் நகரமான கோல்டிங்கின் இசைப்பள்ளி யன்னல் கண்ணாடி அதிர்வதைப் பன்னிரண்டு வயதில் விரல்நுனியால் தொட்டு அறிந்திருக்கிறேன். பை என் கக்கத்தில் இருக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சி வதனியின் கக்கத்தில் இருந்தது.

இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். பைக்குழல் பழகுகிறவருக்கு முதலில் பையில்லாத பயிற்சிக் குழலைத்தான் தருவார்கள். அதில் விரல் படிந்த பிறகே பை. வதனிக்கு எட்டு மாதத்தில் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவேயில்லை. அவள் நன்றாக ஊதிய மெட்டு, போர் முடிந்து திரும்பும் படைக்காக ஒரு வீரர் கட்டியது என்றும், மெல்ல வாசித்தால் கல்லறைக்கு, சற்று விரைவாக வாசித்தால் கலியாணத்துக்கு என்றும் ஆசிரியர் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு சித்தப்பாவின் கலியாணம். அக்காலத்தில் இங்கே மேளக்காரர் இல்லாததால் தாலி கட்டும்போது கெட்டிமேளத்தைக் கசெற்றில் போடுவதுதான் வழக்கம். அம்மாவுக்கோ மகளைக் காட்டும் ஆசை. "கசெற் என்னத்துக்கு? என்ர பிள்ளை ஊதுவாள்," என்றார். ஊதினாள். சனம் எழுந்து நின்று பார்த்தது. பந்தியில் ஒரு மாமி எல்லாருக்கும் கேட்க, "என்ன தம்பி, தங்கச்சி மேளக்காரி ஆயிட்டாள், நீர் இன்னும் அந்தக் குச்சியைத்தான் சூப்பிறீரோ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடித்த வடையை இலையிலேயே வைத்தேன். நேரே சமையல் நடந்த மண்டபத்துக் குசினிக்குப் போய்ச் சொன்னேன்: "அம்மா, அது செத்தவீட்டில வாசிக்கிற மெட்டு."

பாதியை மட்டும் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி பாயசத்துக்குள் விழுந்தது. "ஒருத்தருக்கும் வாய் திறவாதை," என்றார். திங்கட்கிழமையே பை இசைப்பள்ளிக்குத் திரும்பிப் போனது. ஏனென்று கேட்ட வதனிக்கு, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது காணும், இனி வேண்டாம்," என்பதே பதில். எனக்கு அன்று வயிறு குளிர்ந்ததை மறைக்கமாட்டேன். ஆனால் அதன்பின் சித்தப்பா வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு சண்டை என்றாலும் அம்மா முகம் கறுத்துப்போய் விளக்குக் கொளுத்துவதை முப்பது வருடங்களுக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஹ்விடோவ்ரே நகரில் அம்மா இறந்துபோனார். நேற்று என் மகள் பயிற்சிக் குழலோடு வந்து அதே மெட்டை ஊதிக்காட்டி, விரைவாக ஊதினால் கலியாணத்துக்காம் என்று டேனிஷில் சொன்னாள். அழகாக ஊதினாள். பெற்ற பிள்ளை ஊதும்போதும் என் வயிறு எரிந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வதனிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும் அண்ணை. அண்டைக்குக் குசினி வாசல்ல நிண்டு கேட்டனான்."

"அப்ப ஏன் அம்மாவுக்கு மிச்சத்தைச் சொல்லேல்லை?"

"நான் சொன்னா, பைக்காகப் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பா. நீங்கள் சொன்னாத்தான் நம்பியிருப்பா."

இப்போது எந்தக் கலியாணத்துக்கும் மேளக்காரர் வந்துவிடுகிறார்கள். சித்தப்பா பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார். நானும் ஒருவழியாக முழுவதையும் சொல்லிவிட்டேன். நம்புவதற்கு அம்மா இல்லை.