பின்வண்டிக்கு வழிவிட்ட காலை

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவில் கல்லூரிக்கு மூன்று வருஷமும் போனது மாரிச்செல்வம் மாமா ஓட்டிய தனியார் பஸ்ஸில்தான். ஒரு நாள்கூட முதல் வகுப்பு தவறியதில்லை. மாமாவின் நேரம் அப்படி.

அந்த நேரம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. சங்கரன்கோவிலில் விடிகாலை ஐந்து பத்துக்கு முதல் நடை எடுக்க வேண்டும். இரண்டு நிமிஷம் பிந்தினால், அடுத்துக் கிளம்பும் பின்வண்டிக்காரன் தன் ஆட்களை அள்ளுகிறார் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்தே சட்டையைப் பிடிப்பான். அதனால் வீட்டுக் கடிகாரத்தை இருபது நிமிஷம் கூட்டி வைத்திருந்தார். படுத்தபிறகு அதைப் பார்ப்பார். இருபதைக் கழிப்பார். எழுந்திருக்க இன்னும் எவ்வளவு என்று கூட்டுவார். சரியா என்று மறுபடியும் பார்ப்பார். முதல் நடை கைக்கு வந்த நாலு வருஷமாக இதே கதை.

"அந்தக் கடியாரத்தக் கழட்டிப் போட்டா என்ன?" என்பாள் அத்தை.

"நீயா வண்டி எடுக்கப் போற?"

கண்டக்டர் சாம்ராஜ் நேர்மாறு. போன நடை போயிற்று, அடுத்தது வரட்டும் என்கிற ஆள். வண்டி நின்ற ஐந்தாவது நிமிஷம் கடைசி சீட்டில் குறட்டை கேட்கும்.

"எப்பிடிலே விழுந்ததும் தூங்குத?"

"நான் படுத்தா தூங்குதேன் அண்ணாச்சி. நீங்க படுத்துக்கிட்டும் வண்டி ஓட்டுதிய."

போன ஆவணியில் ஒரு காலை, வேலைக்குப் போக நான் ஏறியபோது மாமாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஊர் தாண்டியதும் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. யாருக்கோ நிறுத்துகிறார் என்று நினைத்தேன். சக்கரம் மண்ணில் இறங்கியது. சாம்ராஜ் விசிலை விடாமல் ஊதினான். மாமா திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். ஒரு பனைமரம் முழத் தூரத்தில் விலகிப் போனது.

"என்னவே, பனையில ஏத்தப் பாத்தீரா?" என்று ஒருவர் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

மாமா ஓரம்கட்டி நிறுத்தினார். சாம்ராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "மூஞ்சக் கழுவிட்டு எடுங்க அண்ணாச்சி. ஸ்டாண்டுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷந்தான்."

மாமா பாட்டிலைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பயணிகளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"மொதலாளி, கண்ணசந்துட்டேன். நாலு வருசமா தூக்கமில்ல, ஒங்கள்ட்ட சொல்லல. இனியும் ஓட்டுனா ஆளக் கொன்னுருவேன். வேற டிரைவர அனுப்புங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

பின்வண்டி வந்தது. அதை ஒருநாளும் முந்தவிடாத மாமா, ரோட்டில் இறங்கிக் கைகாட்டி நிறுத்தி, பயணிகளை ஏற்றிவிட்டார்.

"என்னவே, இன்னைக்கு மழைதான்!" என்றான் அந்த டிரைவர்.

நானும் சாம்ராஜும் இருந்துகொண்டோம். மாமா சாம்ராஜின் கடைசி சீட்டில் காலை மடக்கிப் படுத்தார்.

"மருமவனே, மணி என்ன?"

"போன்ல சார்ஜ் இல்ல மாமா."

"படிச்சவன் பொய்யப் பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மாற்று டிரைவர் வர முக்கால் மணி நேரமானது. மாமா தூங்கவில்லை. புரண்டுகொண்டுதான் இருந்தார். ஆனால் மறுபடி மணி கேட்கவில்லை.