அறுபத்து நாலு எம்.பி. மெஷினும் யோகேஸ்வரியும்

நனைந்த குடைகள் பன்னிரண்டு ஒரே இடத்தில் சாய்ந்திருந்தால் ஒரு வாடை வரும்... பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக்கடை மாடியில் இருந்த எங்கள் கம்ப்யூட்டர் சென்டரின் படிக்கட்டில் சனிக்கிழமைகளில் அந்த வாடைதான்.

குடைகள் எல்லாம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரே பஸ்ஸில் வருபவை. பத்தரைக்கு வந்து சேரும் பஸ், ஒன்றரைக்குத் திரும்பிவிடும். அதை விட்டால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். அதனால் பன்னிரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள், ஒன்றாக உட்காருவார்கள், ஒன்றாக எழும்புவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் ஓரிரு வருடங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஆறு மாதம் ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு வந்து, நான்தான் அங்கே மாஸ்டர், மெக்கானிக், கூட்டித் துடைப்பவன் எல்லாம். மெஷின்கள் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழசுகள். அவற்றில் கொஞ்சம் நல்லதை, மற்றவை எல்லாம் வந்து இணையும் சர்வராக வைத்திருந்தேன். மெமரி அறுபத்து நாலு எம்.பி.!

அந்த பேட்ச்சில் யோகேஸ்வரி என்று ஒருவர். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தோட்டத்து ஆபீசில் கிளார்க் இடம் ஒன்று காலியாக இருந்தது. எங்கள் சர்டிபிகேட்டைக் கொண்டுபோனால் அது தனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். நானும் நம்பினேன்... டைப்பிங்கில் அவரை அடிக்க அங்கே ஆளில்லை.

ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது கேட்டேன், "இருபது புள்ளைங்கள ஒத்த ஆளா எப்படிங்க சமாளிக்கிறீங்க?"

"பால் குடுக்கிற நேரந்தான் சார் கஷ்டம். நாலு நாலு பேராத்தான் கூப்புடுவேன். மத்தவங்க பாயில குந்தியிருக்கணும். எல்லாம் ஒண்ணா வந்தா பாலும் கொட்டும், புள்ளைங்களும் அழும்."

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இறுதிப் பரீட்சை வந்தது. பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் உத்தியோகம், நல்ல மனுஷன். விடைகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றார். அதற்கென்ன, சர்வர்தான் இருக்கிறதே! கொழும்பில் படித்தபோது பெரிய மெஷினுக்கு எழுதிக்கொண்ட செட்டிங்ஸை அப்படியே போட்டேன். ஒரே நேரத்தில் நூற்றைம்பது பேர் வரலாம் என்றிருந்தது. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற கொழுப்பு. தனியாக உட்கார்ந்து சோதித்தேன். பறந்தது.

பரீட்சை நாளில் பன்னிரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் 'சேவ்' அழுத்தினார்கள்.

ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... யோகேஸ்வரி திரும்ப அழுத்தினார். பிறகு இன்னொரு தடவை. அந்த நேரம் பார்த்து சர்வர் மொத்தமாக நின்றுபோனது.

"பிள்ளை, உந்தப் பட்டனைச் சும்மா சும்மா அமத்தாதேங்கோ! பாருங்கோ, நிண்டு போச்சு."

பரீட்சகர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் யோகேஸ்வரி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகம் செத்துப்போனது.

நான் சர்வர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் ஆளுக்கு ஐந்து எம்.பி. என்றால் பன்னிரண்டு பேருக்கே அறுபது. மெஷின் தான் ஓட எங்கே இடம்? மெமரி நிறைந்ததும் டிஸ்க்கில் எழுதி எழுதி மூச்சுத் திணறியிருக்கிறது. அப்போதுதான் பாயில் குந்தியிருக்கும் குழந்தைகள் ஞாபகம் வந்தது. நூற்றைம்பதை அழித்துவிட்டு நாலு என்று போட்டேன். நாலு பேருக்கு வேலை நடக்கட்டும், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

சர்வரைத் திரும்பக் கிளப்பினேன். ஆளுக்கு இரண்டு மூன்று செக்கன்தான் தாமதம். பதினொரு பேருக்கும் 'சேவ்' ஆனது.

"யோகேஸ்வரி, இப்ப சரிங்க. அமுக்குங்க."

"வேணாங்க சார். நான் தொட்டா திரும்ப நின்னுரும். மத்தவங்களுக்கும் கெட்டுப்போயிரும்."

"அது பழைய மெஷின்ங்க, அப்படித்தான்..."

அவ்வளவுதான் சொன்னேன். பிழை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. பரீட்சகர் பக்கத்தில் நின்றார், எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். யோகேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பதினொரு சர்டிபிகேட் வந்தது. அடுத்த பேட்ச்சுக்கும் அவர் வரவில்லை. "நம்ம கைக்கி அதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டா சார்" என்றார் அவர் தோட்டத்துப் பெண் ஒருவர்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. ஆபீஸ் காவலாளியின் கைபோனில்கூட எங்கள் பழைய சர்வரைப்போல எத்தனையோ மடங்கு மெமரி இருக்கிறது. ஆனாலும் நாங்கள் செய்யும் சொஃப்ட்வெயரில், வாங்குபவர் ஒன்றையும் மாற்றாமல் போட்டாலும் சின்ன மெஷினில் ஓடும்படிதான் செட்டிங்ஸ் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிக்கிறேன். "அண்ணா, இந்தக் காலத்தில யாரு அவ்வளவு சின்ன மெஷின் வச்சிருக்கா?" என்று ஜூனியர்கள் கலாய்ப்பார்கள்.

பெரிய மெஷின் வைத்திருப்பவருக்கு எண்ணைக் கூட்டிக்கொள்ளத் தெரியும். சின்னது வைத்திருப்பவர், அது நின்றுபோனால் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

மடுல்சீமைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். போகவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

யோகேஸ்வரியைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அவரிடம் சொல்லுங்கள்... அன்றைக்கு சர்வரை நிறுத்தியது நான். திரும்ப ஓட வைத்தது அவர்.